மிஸ்ஸியின் காருக்கு மூக்கு மாற்றிய கதை

எனக்கு இந்தத் தொழிலிலே ஆகாத சாமான் எது என்று கேட்டால், யோசிக்காமல் கிறில் என்று சொல்வேன். காரின் முகத்தில் இரண்டு லைட்டுக்கும் நடுவே இருக்கிற சல்லடைதான் அது. உள்ளே காற்றுப் போய் எஞ்சின் சூடு தணியட்டும் என்று வைத்தது. இப்போது ஊரிலே அதற்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. கம்பனி பூட்டி அனுப்பிய கிறிலைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளி மினுக்குப் பூசிய பெரிய வாய் ஒன்றைப் பூட்டினால்தான் கார் வாங்கிய திருப்தி வருகிறதாம். கடல் தாண்டி வந்த நல்ல வண்டியை நிறுத்தி வைத்து அதற்குக் கட்டுப்பல் மாட்டுகிற வேலை. அனுராதபுரச் சந்தியில் பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவன் நான். பெயர் முனீப், ஊர் கிண்ணியா. ஒரு கிறிலைக்கூட மனம் ஒப்பிப் பூட்டியதில்லை. பூட்டாமல் திருப்பி அனுப்பியதும் இல்லை.

ஆனால் இது இராசமலர் மிஸ்ஸியின் கதை. எங்கள் பக்கத்தில் நேர்ஸையும் மருத்துவிச்சியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் குச்சவெளிப் பக்கத்துக்கு இருபத்தாறு வருடமாக மருத்துவிச்சி. கலியாணம் கட்டவில்லை. உப்புவெளியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். என் மனைவி பஸ்மியாவின் தங்கை குச்சவெளியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் மிஸ்ஸிதான் வீடு தேடி வந்து பார்த்தவர். பார்த்தவர் என்றால் பிள்ளையை மட்டும் அல்ல. வந்த உடனே நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாராம். தாய்க்கு மீன் துண்டு வைத்திருக்கிறார்களா, இல்லை வெறும் ஆணமா, குழம்புத் தண்ணியா என்று பார்ப்பதற்கு. மாமியார்மார் அவர் வருகிற நாளுக்கென்று தனியாகச் சமைப்பார்கள் என்று தெரிந்ததும், சொல்லாத நாளில் வரத் தொடங்கினார். அவரைத் திட்டாத மாமியார் அந்தப் பகுதியில் இல்லை. அவர் வராவிட்டால் பதறாத மருமகளும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு பின்னேரம், நிலாவெளி வீதியில் ஸ்கூட்டியில் வரும்போது மாடொன்று குறுக்கே வந்து விழுந்துவிட்டார். கழுத்து எலும்பில் இரண்டை ஒன்றாகச் சேர்த்துத் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். உயிர் தப்பினது பெரிய காரியம். ஆனால் கழுத்து திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பவேண்டும். ஸ்கூட்டி இனி ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கந்தோரில் மேசை ஒன்றைக் கொடுத்து, படிவம் நிரப்பச் சொல்லி இருத்திவிட்டார்கள். இரண்டு வருடம் அப்படி இருந்தார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தரம்தான் கதைத்தார்.

"தம்பி, மற்ற ஆக்கள் நிறுத்த பிள்ளையளின்ர நிறையை நான் கொப்பியில எழுதிக்கொண்டு இருந்தனான். அரியண்டம் பிடிச்ச சீவியம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் நாலு பக்கமும் கெமரா உள்ள சின்ன ஜப்பான் கார் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்று. நாலு படத்தையும் சேர்த்து, மேலே இருந்து காரைப் பார்ப்பது போல ஸ்கிரீனில் ஒரே படமாகக் காட்டும். கழுத்துத் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. கார் ஓட்டலாம் என்று டொக்டரிடம் துண்டு வாங்கி, பரீட்சைக்குத் திரும்ப ஓடிக் காட்டி, லைசன்ஸ் எடுத்து, அந்தக் காரை வாங்கிவிட்டார். வாங்கிய கிழமையே என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு ஆளை நேரில் தெரியும்.

"இந்தக் கெமரா எவ்வளவு தூரம் பொய் சொல்லும்?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"பொய் சொல்லாது மிஸ்ஸி. கம்பனிக்காரன் அளந்து பூட்டினது."

"எல்லாச் சாமானும் பொய் சொல்லும். நான் தராசோட திரிஞ்சனான், எனக்குத் தெரியும். எவ்வளவு எண்டு தெரிஞ்சால் காணும், பிறகு சமாளிக்கலாம்."

கடை கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து என் கையில் தந்தார். காருக்கு முன்னால் ஒரு அடியில் பிடி, இரண்டு அடியில் பிடி, இடது மூலையில் பிடி, வலது மூலையில் பிடி என்று ஒன்றரை மணித்தியாலம் என்னை வெயிலில் நிறுத்தினார். தான் உள்ளே இருந்து ஸ்கிரீனைப் பார்த்து, எந்த இடத்தில் தடி தெரிந்தால் உண்மையில் எவ்வளவு தூரம் என்று மனதில் ஏற்றிக்கொண்டார். நான் கண்ட கார்க்காரர்கள் எல்லாம் ஸ்கிரீனில் பாட்டுப் போடுமா என்று கேட்பவர்கள். இப்படி ஒருவரை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அடுத்த மாதம் மேசையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி வீடு வீடாகப் போகத் தொடங்கினார்.

இனித்தான் தம்பியார் வருகிறார். பிரகலாதன், சுவிசில் இருபத்திரண்டு வருடம். கோயில் திருவிழாவுக்கு ஒரு மாத லீவில் வந்தவர். அக்காமேல் அன்பு இல்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். அந்த அன்பு பெட்டியில் வந்ததுதான் வினை. போர்வையில் சுற்றி, பெட்டியை நிறைத்து, அக்காவின் காருக்கென்று ஒரு கிறில் கொண்டு வந்திருந்தார். கறுப்புக் கம்பி வலை, சுற்றிவர வெள்ளிச் சட்டம். கடைக்குள் கொண்டுவந்து போர்வையை விரித்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்று கூப்பிடுவது வழக்கம், என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"நானா, இதைப் பாருங்கோ. அக்காவின்ர கார் நோயாளி மாதிரி நிக்குது. இதைப் போட்டால் ஒரு எடுப்பா இருக்கும்."

"இதுல கெமராக்கு இடம் இல்லையே" என்றேன்.

அவர் நம்பவில்லை. காரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கம்பனிக் கிறிலில் நடுவே, சின்னத்துக்குக் கீழே, பெருவிரல் அளவில் ஒரு குழி. அதற்குள் கெமரா கொஞ்சம் குனிந்தபடி இருக்கும். அந்த உயரமும் அந்தக் குனிவும் மாறக் கூடாது. முன்னால் கம்பி வலை வரக் கூடாது, வந்தால் படத்தில் வலைதான் தெரியும். பக்கத்தில் வெள்ளி மினுக்கு இருந்தால் வெயில் பட்டு அடித்துப் படம் வெளிறிப்போகும். கெமரா உள்ள காருக்கென்றே செய்த கிறில் இருக்கிறது, அதைத்தான் வாங்கவேண்டும், அதிலும் பூட்டிய பிறகு கெமராவுக்கு மறுபடி அளவு காட்ட வேண்டும். இதையெல்லாம் ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

மனிதர் விடவில்லை. ஆள் விட்டுக் கொழும்பில் இருந்து இன்னும் இரண்டு கிறில் எடுப்பித்தார். மூன்றையும் என் கடைச் சுவரில் சாத்தி வைத்தார்கள். பிறகு நடந்ததுதான் கூத்து. முச்சக்கர வண்டிக்காரர், தேங்காய்க் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று வந்தவன் போனவன் எல்லாம் பெண் பார்க்க வந்தது போல நின்று கருத்துச் சொன்னார்கள். இது வாய் அகலம், அது மூக்கு எடுப்பு. கெமரா எங்கே இருக்கும் என்று ஒரு மனிசன் கேட்கவில்லை. அவர்களைத் திட்டிக் கலைக்கவேண்டும் போல இருந்தது. தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன். வியாபாரி பிழைப்பு அப்படி.

கொழும்பில் இருந்து வந்த இரண்டில் ஒன்று வெறும் கறுப்பு. கெமராக் குழி கம்பனிக் குழி இருந்த அதே இடத்தில். அதைத்தான் எடுக்கவேண்டும் என்றேன். மற்றதிலும் குழி இருந்தது, ஆனால் இரண்டு விரல் கீழே இறங்கி, குனிவும் கூடுதலாக. குழிக்கு மேலே உதடு மாதிரி ஒரு வெள்ளிப் பட்டி. பிரகலாதன் அந்தப் பட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இதில மாலை கட்டலாம். கோயிலில காருக்குப் பூசை செய்யேக்க மாலை வழுகாமல் நிக்கும்" என்றார்.

அவ்வளவுதான். கிறில் தெரிவு முடிந்தது. நாலு கெமரா உள்ள காருக்கு மாலை நிற்கிற பட்டியைப் பார்த்துக் கிறில் எடுத்த முதல் ஆள் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

மிஸ்ஸி அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். முழு உடம்பையும் திருப்பி அந்தக் கிறிலைப் பார்த்தார்.

"என்னடா பிரகா இது, சீலைக்கடை வாசல் மாதிரி?"

"உங்களுக்கெண்டு ஆசையா வாங்கினனான் அக்கா." தம்பியார் முகம் வாடிவிட்டது.

மாமியார்மாரை விரட்டுகிற மனிசிக்குத் தம்பியின் முகம் வாடினால் தாங்காது. கிறிலை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என் பக்கம் உடம்பைத் திருப்பினார்.

"தம்பி, இதைப் பூட்டினால் படம் சரியா வருமோ?"

"அளவு காட்டிச் சரிசெய்தா வரும் மிஸ்ஸி."

"நீங்கள் செய்வியள்தானே?"

"ஓம் மிஸ்ஸி, நான் செஞ்சு தருவன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். தும்புத்தடியைக் கேட்கவில்லை. என் வாய்ச்சொல்லை நம்பினார்.

அளவு காட்டுவது என்றால் இதுதான். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட நாலு றெக்சின் விரிப்பு என்னிடம் இருக்கிறது, நானே பெயின்ற் அடித்தது. சமதரையில் காரை நிறுத்தி, நாலு பக்கமும் விரிப்பை அளந்து போட்டு, ஒவ்வொரு கெமராவுக்கும் இது இவ்வளவு தூரம் என்று காரின் கம்பியூட்டருக்குக் காட்டவேண்டும். அப்போதுதான் நாலு படமும் மூலையில் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். அவசரம் இல்லாமல் செய்தால் ஒன்றரை மணித்தியாலம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் பிரகலாதன் காரைக் கொண்டுவந்தார். பழைய கிறிலைக் கழற்றிச் சுவரில் தொங்கவிட்டேன். புதிய கிறிலின் கொளுக்கி ஒன்று பொருந்தாமல் அராவ வேண்டி வந்தது. அதிலேயே ஒன்பதேமுக்கால் ஆகிவிட்டது. விரிப்பைப் போட்டுப் பின்பக்கம் முடித்து, இடதுபக்கம் தொடங்கும்போது பிரகலாதன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நானா, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதுக்கு முந்திக் கோயில் வாசலில கார் நிக்கவேணும். ஐயர் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"முன் கெமரா இன்னும் செய்யல்ல."

அவர் கதவைத் திறந்து ஸ்கிரீனைப் பார்த்தார். "படம் வருகுதுதானே?"

படம் வந்ததுதான். கெமராவில் வயரைக் கொழுவினால் படம் வரும். வருகிற படம் உண்மையா என்பது வேறு கதை. எங்கள் ஊரில் அந்த வேறு கதைக்கு யாரும் நிற்பதில்லை. படம் வந்தால் வேலை முடிந்தது.

நான் பிடித்து வைத்திருக்கலாம். திறப்பு, அதுதான் சாவி, என் கையில்தான் இருந்தது. ஆனால் எனக்கும் அன்றைக்கு ஜும்ஆத் தொழுகை. கடையைப் பூட்டி, வீட்டுக்குப் போய்க் குளித்து, பள்ளிக்குப் போகவேண்டும். அவருக்கு ராகுகாலம், எனக்கு ஜும்ஆ, இரண்டு பேரும் நல்ல காரியத்துக்குத்தான் அவசரப்பட்டோம். "சனிக்கிழமை கொண்டு வாங்க, மிச்சத்த முடிச்சுத் தாறன். மிஸ்ஸிட்டச் சொல்லுங்க, அதுவரைக்கும் முன்படத்த நம்பவேணாமெண்டு" என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தேன். அவர் ஓமோம் என்று சொல்லிக்கொண்டே றிவேர்ஸ் எடுத்தார்.

சனிக்கிழமை கார் வரவில்லை. திங்களும் வரவில்லை. மிஸ்ஸியின் நம்பர் என் ஃபோனில் இருந்தது. நாளைக்கு எடுப்போம் என்று இருந்தேன். ஒரு கிழமை போனதும், இப்போது எடுத்தால் ஏன் இவ்வளவு நாள் எடுக்கவில்லை என்று கேட்பாரே என்று எடுக்கவில்லை. பஸ்மியா ஒரு நாள் சோறு போடும்போது, "அந்த மிஸ்ஸிட கார் வேலை முடிஞ்சா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

இருபத்தைந்தாம் நாள் பிரகலாதன் காரோடு வந்தார். மாலைப் பட்டியில் காய்ந்த நார் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நானா, நல்லாப் பொலிஷ் பண்ணித் தாங்கோ. விக்கப்போறம்."

"ஏன், மிஸ்ஸி எங்க?"

"அக்கா இனிக் கார் ஓடமாட்டா."

பிறகு நடந்ததைச் சொன்னார். ஆறு நாளைக்கு முன்னால், குச்சவெளிக்கு அங்காலே ஒரு கிராமத்தில் கிளினிக் நாள். கார் நின்ற மர நிழலில், காரின் முன் இடது மூலைக்கு நேரே, சனூஸா என்ற பெண் பிளாஸ்டிக் கதிரையில் இருந்திருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பிணி, மிஸ்ஸியின் கவனிப்பில் இருப்பவள். மிஸ்ஸி கிளினிக் முடித்துக் காரில் ஏறி, ஸ்கிரீனைப் பார்த்து, கதிரைக்கு முன்னால் இடம் இருக்கிறது என்று மெதுவாக முன்னுக்கு எடுத்திருக்கிறார். கதிரை சரிந்து சனூஸா விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தாய்க்கு முழங்கையில் உரசல் மட்டும். ஆனால் மிஸ்ஸி அன்றைக்கே திறப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மேசை வேலைக்கே தன்னை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டாராம். கடிதம் இன்னும் வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொடுக்கப்போகிறார்.

ஒரு வாளியை எடுத்துக் காரின் முன்னால் ஒன்றரை அடியில் வைத்தேன். ஸ்கிரீனில் அது மூன்று அடிக்கு அப்பால் தெரிந்தது. வாளியை இடது மூலைக்கு நகர்த்தினேன். முன் படமும் பக்கப் படமும் சேருகிற இடத்தில் பாதி வாளியைக் காணவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். முழு வாளியும் காணாமல் போனது. தரை மட்டும் சுத்தமாக, வெறுமையாகத் தெரிந்தது.

பிரகலாதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்கிரீனையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொல்லச் சொன்னதைச் சொன்னீங்களா மிஸ்ஸிட்ட?"

"அண்டைக்குப் பூசை அவசரத்தில... அக்கா கேட்டவ, முனீப் சரியெண்டவரோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நானா, இதை அக்காட்டச் சொல்லாதேங்கோ. கழுத்து ஏலாத மனுசி எத்தினை நாளைக்கு ஓடுறது? நான் அங்க இருந்து பயந்து பயந்து சாகிறன். இப்ப அவவே விட்டுட்டா. உப்பிடியே விடுவம். உங்களுக்கும் நல்லதுதானே, கடையின்ர பேரும் கெடாது."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அவரைக் கழுத்தில் பிடித்துத் தள்ளவேண்டும் போல வந்தது. அதைவிட அருவருப்பு என்னவென்றால், அவர் சொன்னதை நான் ஒரு கணம் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கார் விற்றுப் போகும். வாங்குகிறவன் கெமரா சரியில்லை என்று வேறு எங்கேயாவது கொண்டுபோவான். மிஸ்ஸி மேசையில் இருப்பார். என் பெயர் எங்கும் வராது.

"நீங்க போங்க. காரை நான் கொண்டுவாறன்" என்றேன். அவர் கத்தினார், நானும் கத்தினேன். முச்சக்கர வண்டி பிடித்துப் போய்விட்டார்.

அந்த மினுக்குக் கிறிலைக் கழற்றும்போது பாதிக் கிளிப்பை உடைத்தேன். அவ்வளவு வெறுப்பு. சுவரில் தொங்கிய கம்பனிக் கிறிலைத் துடைத்துப் பூட்டி, கெமராவை அதன் சொந்தக் குழிக்குள் வைத்தேன். கடைக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு, நாலு விரிப்பையும் போட்டு, ஒரு கெமராவையும் விடாமல் அளவு காட்டினேன். வாளியை வைத்து மூன்று தரம் பார்த்தேன். ஸ்கிரீனில் அது இருந்த இடத்திலேயே இருந்தது, மூலையிலும் இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு உப்புவெளிக்குக் காரைக் கொண்டுபோனேன்.

மிஸ்ஸி முற்றத்துக்கு வந்தார். பழைய கிறிலைக் கண்டதும் நின்றுவிட்டார். பிரகலாதன் வாசல் கதவடியில் நின்று என்னைப் பார்த்து, சொல்லவேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மிஸ்ஸி, புதுக் கிறில்ல முன் கெமரா பிழையான இடத்தைக் காட்டினது. மூலையில இரிக்கிறதை முழுசா மறைச்சது. சனூஸாட கதிரை உங்களுக்கு ஸ்கிரீன்ல தெரிஞ்சே இரிக்காது. உங்கட பிழை இல்ல."

மிஸ்ஸி காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு முழு உடம்போடும் என் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. வாளியை வைத்துப் பார்த்தது இன்றைக்குத்தானே.

"வேலை முடியல்ல எண்டு பூட்டின வெள்ளிக்கிழமையே தெரியும் மிஸ்ஸி. பிரகலாதன் தம்பிட்டச் சொன்னன்."

"என்ர நம்பர் உங்களிட்ட இருந்ததுதானே?"

"இருந்தது."

"கேற்றில ஒருக்கா உரசினன். பிள்ளையாரடி வளைவில ஒருக்கா. எனக்கு மூளை பிசகுதெண்டு நினைச்சன், தம்பி. சனூஸா நிலத்தில கிடக்கேக்க நான் என்ர கையைத்தான் பார்த்தனான். ஆறு நாளா இந்த ரெண்டு கையையும்தான் திட்டிக்கொண்டிருக்கிறன்."

பிரகலாதன் படியால் இறங்கி வந்தார். "அக்கா, நான்..."

"நீ உள்ளுக்குப் போ" என்றார். அவர் குரல் உயரவில்லை. தம்பியார் போய்விட்டார்.

என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். காரின் இடதுபக்கக் கதவைக் காட்டினார்.

"ஏறுங்கோ."

"எங்க மிஸ்ஸி?"

"சனூஸாவிட்ட. எனக்குச் சொன்னதை அவவுக்கும் உங்கட வாயால சொல்லவேணும்."

நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரைக்கும் அவர்தான் காரை ஓடினார். மாடு நின்ற இடங்களில் மெதுவாக எடுத்தார், பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுத்தார். ஸ்கிரீனை ஒரு நேரம், வீதியை ஒரு நேரம், கண்ணை மட்டும் அசைத்துப் பார்த்தபடி இருந்தார். இந்தக் கைக்கு ஓடத் தெரியாது என்று நினைக்க வைத்தவன் நான் என்று பக்கத்தில் குந்தியிருந்தேன். ஜன்னலைத் திறந்து துப்பவேண்டும் போல இருந்தது, யார் முகத்தில் என்றுதான் தெரியவில்லை.

சனூஸா வீட்டு முற்றத்தில், பப்பாசி மரத்துக்குக் கீழே, கதிரையில் இருந்தாள். முழங்கையில் கட்டு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மிஸ்ஸி காரை முற்றத்துக்குள் எடுத்து, அவளுடைய காலுக்கு இரண்டு முழத்துக்கு இப்பால் கொண்டுவந்து நிறுத்தினார். சனூஸா அசையவில்லை. சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"மிஸ்ஸி, வரமாட்டீங்க எண்டு நெனச்சன்" என்றாள்.

"இவர் ஒண்டு சொல்லவேணுமாம்" என்றார் மிஸ்ஸி. அவளுக்குப் பக்கத்தில் குந்தி, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் நின்றபடியே சொன்னேன். கெமராவைச் சரிசெய்யாமல் விட்டது, திறப்பைக் கொடுத்தது, ஃபோன் எடுக்காமல் இருந்தது, எல்லாவற்றையும். ராகுகாலத்தையும் ஜும்ஆவையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி என்று முடித்தேன்.

கார் அவ்வளவு கிட்ட வந்தும் அசையாமல் இருந்த சனூஸா, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதிரையைப் பிடித்து என்னை விட்டு ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.